மாடி காலியாத்தான் இருக்கு

வாங்க தம்பி. செருப்ப அங்கிட்டு ஓரமா விடுங்க. அந்தச் சேர்ல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. காப்பி போட ஆளில்ல. நானே போட்டுக் குடுத்தா நீங்க இன்னொரு தடவை இந்த வாசப்படி மிதிக்க மாட்டீங்க. தண்ணி தாரேன், குடிங்க.

கண்மாய்க்கரைத் தெருவுல புதுசா மாடி எடுத்திருக்கிறது நீங்கதானா? பச்சைப் பெயிண்ட்டு. பாத்திருக்கேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா வெயிலுக்கு வெளுத்துரும். பரவால்ல, வெளுக்கட்டும். எதுதான் வெளுக்காம இருக்கு.

சோலைராஜ் குடும்பத்தைப் பத்தி விசாரிக்கணும்னு போன்ல சொன்னீங்க. உங்க மாடிக்கு அவங்க கேட்டிருக்காங்க. முன்னாடி குடியிருந்த வீட்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்னு நீங்க வந்திருக்கீங்க. சரியான காரியம். இப்ப எவன் கேக்குறான்? புரோக்கர் கூட்டியாந்தா சாவியக் குடுத்துர்றது, அப்புறம் குய்யோ முறையோன்னு கத்துறது. சொல்றேன். அதுக்கு முன்னாடி பொதுவா சிலதைச் சொல்லிர்றேன். புது வீட்டுக்காரரு, உங்களுக்கு உதவும்.

வீட்டைக் கட்டிப் பாரு, கல்யாணம் பண்ணிப் பாருன்னாங்க. அதோட நிப்பாட்டிட்டாங்க. வாடகைக்கு விட்டுப் பாருன்னும் சேத்திருக்கணும். சொன்ன ஆளு சொந்த வீட்டுல தனியா இருந்திருப்பான் போல.

நான் பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். டிக்கெட் எடுக்காதவன் என் முகத்தைப் பாக்க மாட்டான், சன்னலுக்கு வெளிய வயக்காட்டைப் பாப்பான். அப்படி ஆள் பாத்துப் பாத்து எனக்கு ஒரு கண்ணு. அதனால சொல்றேன், வீடு பாக்க வர்றவன் எதப் பாக்குறான்னு நீங்க பாக்கணும். நேரா அடுப்படிக்குப் போயி குழாயத் திருகிப் பாக்குற பொம்பள இருந்தா, அது குடும்பம் நடத்துற பிள்ளை. பால்கனிக்குப் போயி காத்து வாங்குறவன் வருசம் முடியுமுன்ன காலி பண்ணிருவான். செவுத்தத் தட்டிப் பாக்குறான் பாருங்க, அவன் ஆணியடிக்கிற ஆளு. வேணவே வேணாம்.

அப்புறம் மோட்டார் சுச்சு. அது நம்ம வீட்டுக்குள்ளதான் இருக்கணும். மேல வச்சுக் குடுத்தீங்க, தொலைஞ்சீங்க. இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்குவான்னு சும்மாவா சொன்னாங்க.

எத்தனை பேரு இருக்கப் போறீங்கன்னு கேட்டா ஒருத்தனும் உள்ளதைச் சொல்ல மாட்டான். பஸ்ஸுல மீசை முளைச்ச பயலுக்கு அஞ்சு வயசும்பான், அதே கதைதான். நீங்க கேக்காதீங்க. ஒரு மாசம் கழிச்சு மேல கொடியப் பாருங்க. காயப்போட்ட துணி பொய் சொல்லாது. வேட்டி ஒண்ணு புதுசா காயுதுன்னா ஆளு ஒண்ணு கூடியிருக்குன்னு அர்த்தம்.

இருங்க தம்பி, உள்ள கூப்புடுறா.

என்ன பூரணம்? ஒண்ணுமில்ல, ஒரு தம்பி விசாரிக்க வந்திருக்காப்ல. மேலயா? மேல யாருமில்ல. காத்துக்குக் கதவு அடிச்சிருக்கும். படு நீ.

என் வீட்டுக்காரி. படுக்கையா இருக்கா. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு, இப்ப மூத்திரப்பையும் சரியில்ல. மேல யாரோ நடக்குற சத்தம் கேக்குதும்பா அடிக்கடி. எங்கிட்ட அவ பேசுறதே அது ஒண்ணுதான். மேல பூட்டித்தான் கிடக்கு. சோலைராஜ் காலி பண்ணதுல இருந்து யாரையும் வைக்கல. ஆளு வராம இல்ல. வர்றாங்க, பாக்குறாங்க. ஒருத்தரும் எனக்குப் பிடிக்கல. ஒருத்தன் சன்னலைப் பாக்குறான், ஒருத்தி சிரிக்கவே மாட்டேங்குறா. பூட்டியே கிடக்கட்டும்னு விட்டுட்டேன். ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு.

சோலைராஜ் கதைக்கு வாரேன்.

ஏசி மெக்கானிக்கு அவரு. சம்சாரம் தவமணி. ஒரு பொம்பளப் பிள்ளை. வீடு பாக்க வந்தன்னைக்கு அந்தத் தவமணி நேரா அடுப்படிக்குத்தான் போச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பால் காய்ச்சுன அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் மேல கூப்பிட்டு முதல் டம்ளரை பூரணம் கையிலதான் குடுத்துச்சு. இவ தவமணிய ஒரேயடியாப் பிடிச்சுக்கிட்டா. எங்களுக்கு ரெண்டும் பசங்க. மூத்தவன் மஸ்கட்டு, சின்னவன் பூனா. இவளுக்குத் தலை சீவி விடுறது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போறதுன்னு எல்லாமே அந்தப் பிள்ளைதான். இவள அத்தைம்பா. என்னைய மட்டும் சாரும்பா. அவ்வளவு மரியாதை!

குறை சொல்லணும்னா சொல்லலாம். குழாயத் தொறந்து விட்டுத் துவைப்பா. கிரைண்டர் மேல ஓடுனா கீழ என் தலைக்குள்ள ஓடுற மாதிரி இருக்கும். ஒரு நாள் காலண்டர் மாட்ட ஆணியடிச்சுட்டாங்க. நான் மேல போயி, ஒரு ஆணி அடிக்கிறதுன்னாலும் எங்கிட்டக் கேட்டுட்டு அடிங்கன்னேன். சரிங்க சார்னு சோலைராஜ் சொன்னாப்ல. எதிர்த்துப் பேசுற ஆளில்ல. அந்தக் குணத்தை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

இப்படி இருக்கையில ஒரு நா கொடியில வேட்டி காயுது. நாலு முழ வேட்டி, பழசு. சோலைராஜ் வேட்டி கட்டுற ஆளில்ல. கேட்டேன். அப்பா வந்திருக்காரு சார், ஒரு வாரம் இருந்துட்டுப் போவாருன்னாப்ல.

ஒரு வாரமா! நான் எத்தனை ஒரு வாரத்தைப் பாத்திருக்கேன்.

பெரியவருக்கு ஈரல்ல ஏதோ. உசிலம்பட்டிப் பக்கம் ஊரு. அங்க வீடு இடிஞ்சு போச்சாம், மூத்த மகன் வீட்டுல ஒத்து வரலையாம். இங்க வச்சு வைத்தியம் பாத்தாங்க. கொஞ்ச நாள் படியில இறங்கி வந்து வாசல்ல உக்காருவாரு. எனக்கு ஒரு கும்பிடு போடுவாரு. நானும் போடுவேன். அப்புறம் இறங்குறது நின்னு போச்சு. இருமல் சத்தம் மட்டும் வரும். இவ இருக்காளே, பூரணம், அப்ப இவளுக்குக் கால் நல்லா இருந்துச்சு, கஞ்சியத் தூக்கிட்டு மேலயே கிடப்பா. உனக்கு எதுக்குடி இந்த வேலைன்னா, உங்களுக்கும் எனக்கும் வயசாகலையாம்பா. பேச்சு அப்படி.

இந்த இடத்துலதான் தம்பி, நீங்க கவனிக்கணும். வாடகைக்கு விடும்போது ஆணி, கிரைண்டர் எல்லாம் கேப்பாங்க, வீட்டுல படுக்கையா யாரும் இருக்காங்களான்னு கேக்க மாட்டாங்க. கேளுங்க. சங்கடமாத்தான் இருக்கும், இருந்தாலும் கேளுங்க. அட்வான்ஸ் வாங்குறதுக்கு முந்திக் கேளுங்க.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில இருந்து அவரத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. டாக்டர் கைய விரிச்சுட்டாரு, வீட்டுல வச்சே பாத்துக்கங்கன்னுட்டாராம். சோலைராஜ் கீழ வந்து நிக்கிறாப்ல. இப்பவோ அப்பவோன்னு இருக்கு சார், ரெண்டு மூணு நாள்தான், இங்கயே இருக்கட்டும்ங்குறாப்ல. கண்ணு கலங்கிப் போச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நான் என்ன கல்லா?

ஆனா நான் உள்ள போயி காலண்டரப் பாத்தேன். மறுநா மத்தியானத்துல இருந்து அவிட்டம். உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, அவிட்டத்துல இருந்து ரேவதி வரைக்கும் அஞ்சு நட்சத்திரம் அடைப்பு. அதுல வீட்டுக்குள்ள ஒரு உசிரு போச்சுன்னா ஆறு மாசம் அந்த வீட்டைப் பூட்டிப் போடணும். வெளக்கேத்தி வச்சுக் கும்பிடலாமே ஒழிய யாரும் புழங்கக் கூடாது. ஆறு மாசம் தம்பி! மாடி பூட்டிக் கிடந்தா பாக்குறவன் என்ன சொல்லுவான்? ராசியில்லாத வீடும்பான். அப்புறம் ஒரு பய குடி வருவானா? நான் எனக்காகவா பாத்தேன், வீட்டுக்காகப் பாத்தேன்.

அதனால பக்குவமாத்தான் சொன்னேன். சோலைராஜ், சொந்த மண்ணுன்னு ஒண்ணு இருக்கு. பெரிய மனுசன் பிறந்த ஊர்ல போயிச் சேர்றதுதான் அழகுன்னேன். அண்ணனோட பேச்சுவார்த்தை இல்ல சாருன்னாப்ல. சாவுக்கு முன்னாடி பகை ஏதுப்பா, நம்பரக் குடு, நான் பேசுறேன்னு சொல்லி நானே அவரு அண்ணனுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் பேசி ஒத்துக்க வச்சேன். அண்ணன் தம்பிய ஒண்ணு சேத்து வச்ச புண்ணியம் எனக்குத்தான். அதை யாரும் சொல்றதில்ல.

ஆம்புலன்சும் நான்தான் ஏற்பாடு பண்ணேன். மறுநா வெள்ளனவே வரச் சொல்லிட்டேன், மத்தியானத்துக்குள்ள போயிச் சேந்துரணும்ல.

மாடிப்படி குறுகல். ஸ்ட்ரெச்சர் திரும்பல. சேர்ல உக்கார வச்சுத்தான் இறக்குனோம். சோலைராஜ் ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம், நானும் ஒரு கை பிடிச்சேன். இந்த வயசுல எந்த வீட்டுக்காரன் பிடிப்பான் சொல்லுங்க? பாதிப் படியில பெரியவரு கைப்பிடிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டாரு. விட மாட்டேங்குறாரு. அப்பா விடுப்பா, விடுப்பான்னு சோலைராஜ் சொல்லிப் பாத்தாப்ல. மகனுக்கு ரெண்டு கையும் சேர்ல. நான்தான் விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டேன். அத்தனை நோவுலயும் நல்ல பிடி தம்பி. கிராமத்துக் கை.

தவமணி அழுகல. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வண்டியில ஏறுச்சு. நான் ஒரு தலகாணியும் தண்ணிப் பாட்டிலும் குடுத்து விட்டேன். பூரணம் வெளியவே வரல. அடுப்படியிலயே நின்னுக்கிட்டு இருந்தா. என்னடி, வழியனுப்ப வரலையான்னா, என்னையப் பாத்த பார்வை இருக்கே. அன்னையில இருந்து எங்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுறது இல்ல. வயசாச்சுல்ல, பேச்சு குறையத்தான செய்யும்.

பெரியவரு செக்கானூரணி தாண்டல. வண்டியிலயே முடிஞ்சு போச்சு.

நான் காலண்டரப் பாத்துக் கணக்குப் போட்டுப் பாத்தேன். அவிட்டம் இன்னும் பிறக்கல. அவருக்கும் அடைப்பு இல்ல, எனக்கும் இல்ல. யாருக்கும் ஒரு குத்தமில்லாம முடிஞ்சுச்சு. ஊர்லதான் ஏதோ தகராறு பண்ணியிருக்காங்க. வெளிய போன உசிர வீட்டுக்குள்ள ஏத்த மாட்டோம்னு அண்ணன் வீட்டுல சொல்லி, தெருவுல பந்தலப் போட்டு வச்சாங்களாம். கூட்டிட்டு வாங்கன்னு போன்ல அத்தனை தூரம் சொன்னவரு கடைசியில இப்படிப் பண்ணிட்டாரேன்னு எனக்குத்தான் ஆத்திரமா வந்துச்சு. நான் என்ன பண்ண முடியும்? வண்டி ஏத்தி விடத்தான் முடியும்.

காரியம் முடிஞ்சு வந்தாங்க. ஒரு சண்டையில்ல, ஒரு சத்தமில்ல. நான் மேல போயி துக்கம் கேட்டேன். பாய் விரிச்சு உக்காரச் சொன்னாங்க. முறையா நடந்துக்கிட்டாங்க. அந்த மாசக் கடைசியில சாவியக் கொண்டாந்து வச்சுட்டாப்ல. ஏன்ப்பான்னேன். பிள்ளைக்கு ஸ்கூல் கிட்டக்க வேணும் சாருன்னாப்ல. ஸ்கூல் இந்தா, நம்ம தெரு முக்குலதான் இருக்கு! குடி போன இடத்துல இருந்து இப்ப ஆட்டோவுல வருது அந்தப் பிள்ளை. நான் வாசல்ல நின்னு பாக்குறேன். சில பேருக்கு அப்படித்தான், ஒரு இடத்துல கால் நிக்காது.

மேல போயிப் பாத்தா, அந்த ஒரு ஆணியையும் பிடுங்கி, ஓட்டைய சிமெண்டு வச்சு அடைச்சு, செவுரு பூராம் வெள்ளையடிச்சு விட்டிருக்காங்க. யாரு தம்பி இந்தக் காலத்துல அப்படிக் காலி பண்றா? போறப்ப இவகிட்ட மட்டும் தவமணி ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு. ரெண்டு பேரும் என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட, வாரோம் சாருன்னுச்சு. அதுக்கப்புறம் வரல.

இதுதான் அவங்க கதை. குழாய் விசயத்துல மட்டும் கொஞ்சம் கண்டிச்சு வைங்க. வேற என்ன? சொல்லப்போனா எனக்கு ஒரு யோசனை தோணுது. நீங்க இவங்கள வைக்காம, கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்கிற ஆளாப் பாத்து வைக்கலாம். மாற்றல் வந்தாத் தன்னால போயிருவான். இவங்க மாதிரி ஆளுங்க வேணாம். ஒத்து வராது. நான் சொல்றேன்ல.

ஏன்னா? ஏன்னா, சொல்றேன்ல.

என்ன தம்பி? நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. நானே பேசிக்கிட்டு இருக்கேன். சொல்லுங்க.

யாரு, தவமணியா? என்ன கேட்டுச்சு?

திருப்பிச் சொல்லுங்க, இந்தக் காது கொஞ்சம் மந்தம்.

அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியா? தண்ணி எப்ப வரும், கரண்டு எவ்வளவு, எதுவும் கேக்கலையா? எங்க வீட்டுல யாருக்காச்சும் ஒண்ணு ஆயிட்டா இங்கயே வச்சு எடுக்க விடுவீங்களான்னா கேட்டுச்சு? அப்படியேவா?

ம்.

அங்க யாரு இருக்கா அப்படி? தவமணியோட அம்மாவா? கூட வச்சிருக்காளா? தெரியாது எனக்கு. யாரும் சொல்லல.

நீங்க என்ன சொன்னீங்க? யோசிச்சுச் சொல்றேன்னீங்களா. நல்லது. இல்ல, நல்லதுன்னு சொல்ல வரல. வீடு கேக்க வந்த பிள்ளை எதுக்கு இப்படிக் கேக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் எங்கிட்ட வந்தீங்களாக்கும். அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி. நான் பாட்டுக்கு என்னென்னமோ பேசிட்டேன்.

எனக்குத் தெரியல, ஏன் கேட்டுச்சுன்னு. பொம்பளப் பிள்ளைங்க மனசு யாருக்குத் தெரியும்.

உக்காருங்க. எந்திரிக்காதீங்க. ஒரு நிமிசம் உக்காருங்க தம்பி. சத்தமாப் பேச வேணாம், இவளுக்குக் காது நல்லாக் கேக்கும்.

போன வாரம் டாக்டர் வந்து பாத்தாரு. ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்காதீங்க, வீட்டுல வச்சே பாத்துக்கங்கன்னுட்டாரு. பசங்களுக்குச் சொல்லிட்டேன். சின்னவன் லீவு கேட்டிருக்கேங்குறான். மூத்தவன் ஏதாச்சும் ஒண்ணுன்னா உடனே பிளைட் ஏறிருவேன்ங்குறான். ஏதாச்சும் ஒண்ணுன்னா, அவன் வந்து சேர்ற வரைக்கும் நான் என்ன பண்றது? இந்த வீட்டுல நான் ஒருத்தன். இவள யாரு குளிப்பாட்டுவா? தலைமாட்டுல யாரு உக்காருவா? தெருவுல எல்லாரையும் தெரியும். பாத்தா கும்பிடுறாங்க. ஆனா நான் யாரு வீட்டுப் படி ஏறியிருக்கேன், அவங்க என் வீட்டுப் படி ஏற?

பயமா இருக்கு தம்பி. சும்மா சொல்லல. ராத்திரி அவ மூச்சு விடுறாளான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குறேன். தவமணி வந்துச்சான்னு கேக்குறா. கேக்குறதுக்கு அவளுக்கு வேற பேரே இல்ல, பெத்த பிள்ளைங்க பேரு கூட வரமாட்டேங்குது. இல்லன்னா மூஞ்சியத் திருப்பிக்கிர்றா.

அதனால உங்க மாடிய அவங்களுக்குக் குடுக்காதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன். உங்களுக்கு என்ன, புது வீடு, ஆயிரம் பேரு வருவான். நல்ல குடும்பமா நானே கூட்டியாந்து விடுறேன். உங்க வீட்டுல இடமில்லைன்னா அவங்க வேற எங்க போவாங்க? இந்தப் பக்கம் இவ்வளவு வசதியா மாடி எங்க இருக்கு?

நான் நேர்ல போயி கேக்க முடியாது. இவளத் தனியா விட்டுட்டு எங்க போறது. போனாலும், சாருன்னு சொல்லி உக்கார வச்சுக் காப்பி குடுத்து அனுப்பிருவாங்க. நீங்கதான் சொல்லணும்.

மாடி காலியாத்தான் இருக்குன்னு சொல்லுங்க. வாடகை பழைய வாடகைதான். அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வரட்டும், கீழ முன் ரூமையே ஒழிச்சுத் தாரேன், அந்தம்மா படி ஏற வேணாம். அந்தப் பிள்ளை உங்ககிட்ட என்னமோ கேட்டுச்சுல்ல, அதுக்கும் நான் பதில் சொன்னேன்னு சொல்லுங்க.

இந்த வீட்டுல யாரு வேணாலும் சாகலாம்னு சார் சொன்னாருன்னு சொல்லுங்க.